தலைவன் இல்லாத ஊரில் தலைமைப் பயிற்சி

பதின்ம வயதினரைச் சமூகத் தலைவர்களாக்கும் பயிற்சிகளுக்கு அடியில் ஒரு பழைய அறக்கேள்வி கிடக்கிறது: ஒரு மனிதன் இன்னொரு மனிதனை நடத்திச் செல்வது சரிதானா? நகரத்துப் பயிற்சி முகாம்கள் இதைக் கேட்பதில்லை. கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறை போலப் பளியர் பழங்குடியினர் வாழும் பகுதிகளில் இதைத் தாண்டிப் போக முடியாது.

1960களின் தொடக்கத்தில் பளியரிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் காட்டும் சமூகத்தில், பிறரை ஏவுவதும் மட்டம்தட்டுவதும் போட்டி போட்டு முந்துவதும் தவறு. பிள்ளைகளைக்கூட அதட்டி வளர்ப்பதில்லை. சண்டை மூண்டால் ஒருவர் விலகிப் போய்விடுவார். இல்லையென்றால் யாராவது இடையில் புகுந்து, வேடிக்கையாகவோ இதமாகவோ பேசிச் சூட்டைத் தணிப்பார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. காரியம் முடிந்தால் அவரும் கூட்டத்தில் ஒருவர். தீராத சங்கடங்களுக்குச் சாமியிடம் வாக்குக் கேட்கிறார்கள். வாக்கு சாமியுடையது, சாமியாடியவர் அதை வைத்துக்கொண்டு ஊரை ஆள்வதில்லை.

இப்படி வளர்ந்த பிள்ளையை, குழுக்களாகப் பிரித்து, தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கடைசியில் கேடயமும் கொடுக்கும் முகாமில் உட்கார வைத்தால் அது பேசாமல் இருக்கும். பயிற்சியாளர் குறிப்பேட்டில் ‘தன்னம்பிக்கை போதாது’ என்று எழுதுவார். அவர் குறை என்று எழுதியது, அந்தப் பிள்ளையின் வீட்டில் நல்ல பழக்கம்.

இந்த மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பழநியின் தலக்கதையும் இரண்டு பிள்ளைகளின் போட்டிதான். தம்பி முருகன் உலகைச் சுற்றி வருவதற்குள் பழம் அண்ணன் பிள்ளையாருக்குப் போயிற்று. ஆனால் பரிசை இழந்து, கோவணத்தோடு மலையேறி நின்ற தம்பிக்குத்தான் அங்கே காவடி எடுக்கிறார்கள்.

அதிகாரத்தைப் பற்றிய இந்த ஐயம் பளியருக்கு மட்டும் உரியதல்ல. தென்னமெரிக்கப் பழங்குடித் தலைவர்கள் பேசவும் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள், ஆனால் அவர்கள் சொல்லுக்குக் கீழ்ப்படியும் கட்டாயம் யாருக்கும் இல்லை என்று பிரெஞ்சு அறிஞர் பியர் கிளாஸ்த்ர் 1974இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். யோவான் நற்செய்தியில் குருவே சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். 1970இல் ராபர்ட் கிரீன்லீஃப் ‘தொண்டனே தலைவன்’ என்ற கருத்தை நிர்வாக உலகுக்குள் கொண்டுவந்தார். அது இன்று முகாம்தோறும் ஒலிக்கிறது. பெரும்பாலும் சுவரொட்டி வாசகமாக.

இருந்தாலும், தலைவனே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. வெளியாள் அதட்டினால் பளியர் எதிர்த்து நிற்காமல் பணிந்தோ ஒதுங்கியோ போவதையும் கார்ட்னர் கவனித்திருக்கிறார். உள்ளே அமைதி காக்கும் அதே பழக்கம், ஒப்பந்ததாரர் முன்னும் அலுவலகத்திலும் இழப்பாகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் போன்ற சிறுவனப் பொருள்களின் மீதான உரிமையை ஏற்கிறது. அதைக் கோர கிராம சபை கூட வேண்டும், 10 முதல் 15 பேர் கொண்ட குழு அமைய வேண்டும், வரைபடமும் சான்றும் சேர வேண்டும். யானை வாழையை மிதித்துப்போட்டாலும் மனு எழுதினால்தான் இழப்பீடு. யாரோ ஒருவர் எழுந்து பேசியே ஆக வேண்டும்.

ஆக, ஊருக்குள் ஆணையிடும் உரிமையும் ஊருக்காக வெளியே பேசும் பொறுப்பும் வேறுவேறு. இங்கே பதின்ம வயதினருக்குக் கற்றுத்தரத் தக்கது இரண்டாவதுதான்: மனு எழுதுவது, தீர்மானப் புத்தகத்தைப் பிழையில்லாமல் எழுதுவது, அதிகாரி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் ஊரில் வந்து சொல்வது. பொறுப்பு முறைவைத்து மாறினால் ‘சிறந்த தலைவர்’ பரிசுக்கு இடமே இருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிராம சபையில் வாக்கு 18 வயதுக்குப் பிறகுதான். ஆனால் பெரியவர்களுக்கு எழுத்து வராத வீட்டில், வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. வாக்கில்லாத அந்தப் பிள்ளையின் கையில் ஊரே நம்பும் ஓர் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. படித்தவர் சொன்னதே முடிவாகிவிடாமல் இருக்க, கடிதத்தை எல்லோரும் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்கும் வழக்கத்தைப் பயிற்சியே ஏற்படுத்த வேண்டும். கைநாட்டு வாங்குவது அதற்குப் பிறகுதான்.