இயேசு நின்றார்



மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் பர்த்திமேயு பார்வை பெற்றதைத்தான் நாம் நினைவில் வைத்திருப்போம். அதற்குச் சற்று முன்னால் இயேசு நின்றாரே, அந்த நொடியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் போய்க்கொண்டிருந்தது எருசலேமுக்கு. எரிகோவிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இங்கிருந்து சென்னை சென்ட்ரல் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் நம் பூந்தமல்லி நெடுஞ்சாலை மாதிரி சமதளம் இல்லை. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற ஊரிலிருந்து சுமார் 1,000 மீட்டர் மலை ஏற வேண்டும். பாஸ்கா நெருங்குகிறது. அங்கே தமக்குச் சாவு காத்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அவசரத்தில், வழியோரம் உட்கார்ந்திருந்த பிச்சைக்காரர் பர்த்திமேயு போட்ட சத்தத்துக்கு நின்றார். யோசுவா சொல்லிக் கதிரவன் நின்றதாகப் படிக்கிறோம். எனக்கு அதைவிட இது பெரிதாகப் படுகிறது.

கூட்டம் பர்த்திமேயுவை அதட்டியது. கெட்டவர்கள் இல்லை, ஆண்டவரோடு நடந்து வந்தவர்கள்! பூசைக்கு நேரமாகிவிட்டது என்று கோயில் வாசலில் கை நீட்டுகிறவரைத் தாண்டி வருகிற நாமும் ஆண்டவரைத் தேடித்தானே வருகிறோம்?

காலையில் நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்கள். நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் பஸ் நிற்கும். பையன்கள் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொள்வார்கள். பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாட்டி வந்து சேர்வதற்குள் விசில் கொடுத்துவிடுவார்கள். கணக்குப்படி அந்த பஸ்ஸும் நின்றதுதான். ஆனால் ஓட முடிந்தவர்களுக்காக நின்றது. இயேசு, ஓட முடியாதவர் வந்து சேரும் வரைக்கும் நின்றார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவரே போய்ப் பார்வையற்றவரின் கையைப் பிடிக்கவில்லை. கூட்டத்தாரையே கூப்பிடச் சொன்னார். கொஞ்சம் முன்னால் வாயை மூடு என்றவர்கள், இப்போது தைரியமாக எழுந்து வா என்கிறார்கள். ஒருவர் நின்றதில் ஒரு கூட்டத்தின் பேச்சே மாறிப்போகிறது. வந்தவரிடம் இயேசு கேட்டதும் தெரிந்த கேள்விதான்: உமக்கு நான் என்ன செய்ய வேண்டும்? இதே அதிகாரத்தில் சற்று முன்புதான் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருந்தார். கூடவே நடந்த அவர்கள் நாற்காலி கேட்டார்கள். ஓரத்தில் கிடந்தவர் பார்வை கேட்டார்.

நிற்பதற்குத் திருச்சபை நம்மைப் பழக்கித்தான் வைத்திருக்கிறது. 1456-ல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் நண்பகலில் கோயில் மணி அடித்துச் செபிக்கச் சொன்னார். இன்று மூவேளை செபத்துக்கு மணி அடித்தால் வேலையை விட்டு நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் லைனை நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். பூசையிலாவது நிற்கலாமே? மன்றாடுவோமாக என்று குரு சொன்னதும் ஒரு சிறு அமைதி வருகிறது அல்லவா? குரு பக்கம் தேடுகிறார் என்று சிலர் நினைக்கிறார்கள்! அந்த இடைவெளியில்தான் உங்கள் பிள்ளையின் பரீட்சை, கட்டாத வாடகை, மருத்துவமனையில் கிடக்கிற அண்ணன், எல்லாவற்றையும் நீங்கள் மனதுக்குள் சொல்ல வேண்டும். அதையெல்லாம் சேர்த்துத்தான் குரு ஒரே செபமாக ஒப்புக்கொடுக்கிறார். நீங்கள் ஒன்றும் வைக்காவிட்டால் அவர் எதைச் சேர்ப்பார்?

வீட்டிலும் அப்படித்தான். ஷிப்டு முடிந்து வருகிறவரிடம் அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பார். செருப்பைக் கழற்றும்போதே போன் வந்துவிடும். அப்புறம் சொல்லு என்போம். அம்மா அப்புறம் சொல்ல மாட்டார்.

பாடகர் குழுவிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். இன்று நன்மை வாங்கி முடிந்ததும் உடனே பாட்டு வேண்டாம். இரண்டு நிமிடம் எல்லாரும் சும்மா உட்காருவோம். குழந்தை அழுதால் அழட்டும், தாய்மார்கள் வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இப்போது எழுந்து விசுவாச அறிக்கை சொல்வோம்.