பார்த்துக் கொடுங்கள் என்றால்...?



மறுமை நாளில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹுத்தஆலாவே வழக்காட நிற்பான் என்று ஒரு ஹதீது குத்ஸியில் வந்திருக்கிறது. அவன் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டு முறித்தவன் ஒருவன். சுதந்திரமான ஒரு மனிதனை விற்று, அந்தக் கிரயத்தைத் தின்றவன் இன்னொருவன். கூலிக்கு ஆள் அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காமல் விட்டவன் மூன்றாமவன். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்த ஹதீதை மிம்பரில் நின்று பல தடவை விளக்கியிருக்கிறேன். வயலில் உழைப்பவர், கட்டட வேலைக்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண் என்று உதாரணங்களும் காட்டியிருக்கிறேன். என் வீட்டு மேஜைமீது இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வந்ததில்லை.

அந்தக் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். என்னைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

நான் ஓதிக்கொடுத்த மக்தபில் குர்ஆன் ஓதிய பிள்ளை ஒருவர். பிறகு தொழிற்படிப்புப் படித்து, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிறு கடை போட்டார். என் கம்ப்யூட்டர் எப்போது மக்கர் செய்தாலும் அவருக்கு ஒரு போன். இஷா தொழுதுவிட்டு, திருப்புளிப் பையோடு வந்துவிடுவார். பெட்டியைத் திறப்பார், தூசு தட்டுவார், எதையோ கழற்றி மாட்டுவார். இயந்திரம் உயிர் பெறும். "எவ்வளவு தம்பி?" என்பேன். "பார்த்துக் கொடுங்க ஹஜ்ரத்" என்பார். நான் பார்த்தேன், கொடுத்ததுதான் இல்லை. "அல்லாஹ் உங்க கடையிலே பரக்கத் செய்வானாக" என்று துஆச் செய்து, ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்படியே மூன்று வருடங்கள்.

ஒருநாள் கடைத்தெருவில் அவருடைய வாப்பாவைச் சந்தித்தேன். ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, தயங்கித் தயங்கி அவர் சொன்னார்: "ஹஜ்ரத், தப்பா நெனைக்காதீங்க. போன தடவை உங்க கம்ப்யூட்டருக்குப் போட்ட எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கடனுக்குத்தான் வாங்கியிருக்கான். அந்தக் காசுக்கு ஆள் வந்துட்டுப் போகுது. உங்ககிட்டே கேக்க வெக்கப்படுறான்."

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தை வாங்கி, கம்ப்யூட்டரின் உள் உறுப்புகளுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்கும் பகுதி. அது எரிந்துபோய்ப் புதிது போட்டார் என்பதுகூட அன்றுதான் எனக்குத் தெரியும்!

கிதாபில் ஒளிந்த நஃப்ஸு

வீட்டுக்கு வந்ததும் என் நஃப்ஸு செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கிதாபைத் திறந்ததுதான். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் கூலி பற்றிய பாடத்தில் ஒரு மஸ்அலா இருக்கிறது. ஒருவர் தம் துணியைத் தையற்காரரிடம் கொடுக்கிறார். கூலி பற்றி இருவருமே பேசவில்லை. தையற்காரர் தைத்துக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கூலி உண்டா? இல்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் முற்படுத்தப்பட்ட சொல். 'நான் தப்பித்தேன்' என்று என் நஃப்ஸு மகிழ்ந்தது.

ஆனாலும் மனம் அமைதியுறவில்லை. எங்கள் உஸ்தாதிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அந்த மஸ்அலாவைக் கடைசிவரை ஓதினீரா?" என்று கேட்டார்கள். தலை குனிந்தேன். இன்ன வேலையைக் கூலிக்குச் செய்பவர் என்று பெயர் பெற்றவராக இருந்தால் அவருக்குக் கூலி உண்டு என்ற சொல்லும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை நல்லதென்று கொள்ள இடமுண்டு என்பதையும் இமாமவர்கள் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபிலோ, வழக்கத்தில் உள்ளது வாயால் பேசிக்கொண்டதற்குச் சமம் என்பது பிரசித்தமான காயிதா. பெயர்ப்பலகை மாட்டிக் கடை வைத்திருப்பவர் கூலிக்குத்தானே வேலை செய்கிறார்?

உஸ்தாத் மேலும் சொன்னார்கள்: "கூலியில் இமாம்களுக்கிடையே பேச்சு உண்டு. அவர் வாங்கிப் போட்ட சாமானின் கிரயத்தில் என்ன பேச்சு இருக்கிறது? அவர் மனம் விரும்பி ஹதியாவாகக் கொடுத்தாரா? அல்லது உம்முடைய தலைப்பாகையைப் பார்த்துக் கேட்க வெட்கப்பட்டாரா?"

அன்பர்களே! ஒருவருடைய வெட்கத்தையே வாளாக்கி அவரிடமிருந்து பெற்ற பொருள், பலவந்தமாகப் பறித்த பொருளுக்கு ஒப்பானது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பெரியார்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த வாள் மூன்று வருடங்களாக என் கையில் இருந்தது. அதற்கு நான் துஆ என்று பெயர் வைத்திருந்தேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த கூலி

துஆவே கூலியாகப் போதுமென்றால், அகிலத்தார்க்கெல்லாம் அருட்கொடையாக வந்த நாயகம் (ஸல்) அவர்களின் துஆவைவிட உயர்ந்த கூலி எது? ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? அபூ தைபா என்பவர் அவர்களுக்கு இரத்தம் குத்தி எடுத்தார். அவருக்கு உணவுப் பொருளை அளந்து கொடுக்கச் செய்தார்கள். அதோடு நில்லாமல், அவருடைய எஜமானர்களிடம் பேசி, அவர் கட்டவேண்டியிருந்த தொகையையும் குறைக்கச் செய்தார்கள். எவருடைய கூலியிலும் அவர்கள் அநியாயம் செய்ததில்லை என்று, அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் சாட்சி பகர்கிறார்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்ற கட்டளையும் அந்தத் திருவாயிலிருந்து வந்ததுதான்.

"பத்து நிமிஷம்தான் வேலை செய்தான். அதற்கு ஐந்நூறு ரூபாயா?" என்று சிலர் கேட்கிறார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்தது அவர் பத்து வருடம் கற்றதால்தான். ஹிஜ்ரத்தின்போது வழி காட்டுவதற்கு ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது இஸ்லாத்தில்கூட இல்லை. பாதையில் கைதேர்ந்தவர், நம்பிக்கைக்கு உரியவர், அதனால் அமர்த்தினார்கள். திறமைக்கு விலை உண்டு. அதைச் செய்பவர் நம்மவரா, பிற சமயத்துச் சகோதரரா என்று பார்த்துக் கூலி மாறுவதில்லை.

முதலில் பேசிவிடுங்கள்

மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய செய்தி கஸஸ் சூராவில் வருகிறது. எட்டு வருடம் கட்டாயம், பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று முதலிலேயே பேசிக்கொள்கிறார்கள். மருமகனாகப் போகிறவரிடமே கணக்குப் பேசியிருக்க, நாம் கடைக்காரத் தம்பியிடம் பேச ஏன் கூச்சப்படுகிறோம்? கூலிக்கு அமர்த்துபவர் கூலி இன்னதென்று அறிவித்துவிட வேண்டும் என்ற கருத்தில் அபூஸயீது அல்குத்ரீ (ரலி) அவர்களைத் தொட்டும் அறிவிப்பு வந்துள்ளது.

பழுது பார்ப்பதில் இரண்டு தொகைகள் உண்டு. திறந்து பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்று, சரிசெய்வதற்கு ஒன்று. 'பார்ப்பதற்கு இவ்வளவு, பார்த்தபின் செலவைச் சொல்கிறேன், நீங்கள் சரி என்றால்தான் கை வைப்பேன்' என்று அவர் சொல்லிவிட்டால் அங்கே சச்சரவுக்கு இடமேது? நோயைச் சொன்னபின் 'வேண்டாம்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், பார்த்ததற்குப் பேசிய கூலியைக் கொடுத்துவிட்டே வரவேண்டும்.

புதிதாகப் பூட்டும்போது

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பெர்ஸனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. பல கம்பெனிகளின் உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டியதாக அது இருந்தது. அந்த வழியைப் பார்த்துப் பிறரும் அவ்வாறே பூட்டக் கற்றுக்கொண்டார்கள். சென்னை ரிட்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடையிலும், ரேம் வேறு கடையிலும் வாங்கிப் பூட்டித் தருகிறவர்கள் இன்றும் உண்டு. இதில் வாங்குபவரும் விற்பவரும் தவறி விழும் இடம் ஒன்று இருக்கிறது.

"பணத்தைக் கொடுங்க, நானே சாமான் வாங்கிப் பூட்டித் தர்றேன்" என்று ஒருவர் சொல்கிறார். சரி. இப்போது அவர் யார்? உங்கள் வகீலா, வியாபாரியா? வகீல் என்றால், மூவாயிரத்துக்கு வாங்கியதை மூவாயிரத்து அறுநூறு என்று சொல்வது கியானத்து. கடைக்காரர் குறைத்துக் கொடுத்த தொகையும் உங்களுக்கே சேரும். வியாபாரி என்றால், சாமானை முதலில் தாம் வாங்கிக் கைவசப்படுத்தி, பிறகே உங்களுக்கு விற்கவேண்டும். அப்போது இலாபம் வைப்பது அவர் உரிமை. வாங்கிய விலையைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருகிறவருக்கு விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது, இல்லாததை விற்காதீர் என்ற கருத்திலேயே பதில் கிடைத்தது.

இன்ன இன்ன உறுப்புகளோடு, இன்ன விலைக்கு, முழு இயந்திரமாகச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவைப்பது மூன்றாவது வழி. ஹனஃபீ ஃபிக்ஹில் இதற்கு இஸ்திஸ்னாஃ என்று பெயர். இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் 1992-ல் ஜித்தாவில் கூடி, தன்மை, அளவு, தவணை ஆகியவற்றைத் தெளிவாகப் பேசிக்கொண்டால் இது இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தது.

ஆக, "வாங்கி வர என் கூலி இவ்வளவு" என்ற ஒரே வாக்கியம் போதும். சொன்னால் ஹலாலாகும் அதே அறுநூறு ரூபாய், மறைத்தால் ஹராமாகிறது!

பெட்டியைத் திறக்கும் தம்பிகளுக்கு

கண்ணியத்துக்குரிய தம்பிகளே! உங்களிடம் வருகிறவருக்குப் பெட்டிக்குள் இருப்பது தெரியாது. ஈரமான தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தவரின் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். பழைய ரேமைத் துடைத்துப் புதிது என்று மாட்டுவதும், ஒரு கம்பி கழன்றதற்கு மதர்போர்டே போய்விட்டது என்பதும் அந்த ஈரத் தானியம்தான். கழற்றிய பழைய உறுப்பு இயந்திரக்காரருக்குச் சொந்தம். அவர் கையில் கொடுங்கள். 'வேண்டாம், வைத்துக்கொள்' என்று அவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அமானிதம் இதைவிடப் பாரமானது. அந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குடும்பமே இருக்கிறது. வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பழுது பார்க்கக் கொடுத்த கம்ப்யூட்டர்களில் என்ன நடக்கிறது என்று பரிசோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். பதிவு கிடைத்த 12 கடைகளில் 6 கடைகளில் சொந்த விஷயங்களைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தவரை அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள்! அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்றும் தெளிவுபடுத்தினார்கள். திருகாணியைக் கழற்றக் கிடைத்த அனுமதி, படத்தைத் திறக்கக் கிடைத்த அனுமதி ஆகாது.

தாய்மார்களே! கொடுப்பதற்கு முன் முக்கியமானவற்றை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறைக்கவேண்டியதை நீக்கிவிடுங்கள். தொலைந்தபின் அவர்மீது பழி போடுவதைவிட அது நல்லது. தவறோ அலட்சியமோ செய்யாத தொழிலாளி நஷ்ட ஈடு கொடுக்கவேண்டியதில்லை என்பதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் உள்ளக் கருத்து. ஆனால் கெட்ட தொழிலாளர்களுக்கு அஞ்சி அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார்கள் என்று அவர்களின் மாணவர் ரபீஉ (ரஹ்) கூறுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்காத தொழிலாளியாக நீங்கள் இருங்கள், தம்பிகளே!

அன்றிரவு அந்தப் பிள்ளையின் கடைக்குப் போனேன். எஸ்.எம்.பி.எஸ்ஸின் விலையையும், மூன்று வருடத்துக் கூலியை அவரையே கணக்குப் போடச் சொல்லி அதையும் மேஜைமீது வைத்தேன். "வேண்டாம் ஹஜ்ரத், துஆச் செய்யுங்க போதும்" என்றார். "துஆ இனாம் தம்பி, இது கடன்" என்றேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். கடை ஏணியின் முதல் படியில் உட்கார்ந்திருந்த அவருடைய வாப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

இப்போதும் அவர்தான் என் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். இந்தக் கட்டுரையும் அதில் எழுதியதுதான். திறப்பதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடுகிறார். முடித்ததும் நான் கொடுத்துவிடுகிறேன். டீயும் உண்டு, துஆவும் உண்டு.

உங்கள் வீட்டிலும் "பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போன ஒருவர் இருக்கலாம். இன்றிரவே நினைத்துப் பாருங்கள். மஹ்ஷரில் அல்லாஹ் வழக்காடும் நாள் வருமுன், கடைத்தெருவிலேயே தீர்த்துக்கொள்வது எளிது.

யா அல்லாஹ்! பிறர் கூலியால் எங்கள் வயிறு நிரம்பாமல் காப்பாயாக! எங்கள் கைத்தொழிலில் அமானிதத்தையும், எங்கள் கொடுக்கல் வாங்கலில் தெளிவையும் தந்தருள்வாயாக! ஆமீன்.