வீட்டுக் கிணறும் வீட்டு இயந்திரமும்

தருமபுரி மாவட்டத்தில் வாழ்வோருக்குக் கிணற்று நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாறை மிகுந்த நிலம் நம்முடையது. அப்பாறையிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து மேலே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது வரையறை. அவ்வரையறையை மீறிய நீரைப் பல்லாண்டு பருகிய ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்ததையும், உழைக்கும் வயதினரின் மூட்டுகள் இறுகிப் போனதையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அதனாலன்றோ ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013ஆம் ஆண்டில் அது பயன்பாட்டிற்கு வந்தது!

அந்தக் கிணறுகளை நமக்குத் தீங்கு நினைத்தவர் எவரும் தோண்டவில்லை. நம் பாட்டன்மார் வியர்வை சிந்தித் தோண்டியவை அவை. ‘நம் வீட்டுக் கிணறு’ என்ற நம்பிக்கையோடுதான் நாமும் இறைத்துப் பருகினோம். ஒரு பொருள் நமதாயிருப்பது வேறு, நல்லதாயிருப்பது வேறு என்பதை இம்மாவட்டத்து மக்கள் ஏட்டில் படித்து அறியவில்லை. எலும்பில் உணர்ந்து அறிந்தார்கள். அப்படி அறிந்த நாம், இன்று நம் வீடுகளுக்குள் தோண்டப்படும் இன்னொரு கிணற்றின் அருகில் நின்றும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இப்போது நம் குழந்தைகளுக்கும் தெரியும். கேள்வியைத் தட்டச்சு செய்தால் மனிதரைப் போலவே விடை எழுதித் தரும் இயந்திரம் அது. பெரும்பாலோர் இதனைக் கைப்பேசியில் பயன்படுத்துகிறார்கள். அவ்வாறு கேட்கும் கேள்வி கடல் கடந்தும் சென்று, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெருங்கணினிகளில் விடை பெற்றுத் திரும்புகிறது. நம் நோய், நம் கடன், நம் குடும்பப் பூசல் ஆகிய அனைத்தும் அந்த வழியே போகின்றன. இது பிடிக்காத சிலர், அந்த இயந்திரத்தையே வீட்டுக் கணினியில் குடியமர்த்திக் கொள்கிறார்கள்.

இது இயலுமா என்று வியப்போருக்காகச் சிறிது விளக்குவோம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் ‘லாமா’ என்னும் மொழி மாதிரியை ஆய்வாளர்களுக்கு வழங்கியது. அடுத்த மாதமே ஜார்ஜி கெர்கனோவ் என்னும் பல்கேரிய நிரலாளர், அதனைச் சாதாரணக் கணினியிலும் இயக்கத்தக்க ‘லாமா.சிபிபி’ என்னும் நிரலை எழுதி எல்லார்க்கும் பொதுவாக வெளியிட்டார். ஒரு மொழி மாதிரி என்பது உண்மையில் எண்களின் குவியலே. 800 கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரியை அதன் இயல்பு வடிவில் வைத்தால் சுமார் 16 ஜி.பி. இடம் பிடிக்கும். ஒவ்வோர் எண்ணின் நுட்பத்தையும் சற்றே குறைத்துச் சுருக்கினால் 5 ஜி.பி. அளவில் அது அடங்கிவிடும். 16 ஜி.பி. நினைவகமுள்ள கணினி அதற்குப் போதும். ‘ஒல்லாமா’ போன்ற மென்பொருளை நிறுவி, மாதிரியை ஒரு முறை இறக்கிக் கொண்டால், பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டும் கேள்வி கேட்கலாம். நாம் கேட்பது அறைச் சுவரைத் தாண்டாது. மாதக் கட்டணமும் இல்லை.

இதில் நன்மை இல்லையென்று யார் சொல்ல முடியும்? அலைபேசிச் சமிக்ஞை சரிவரக் கிட்டாத மலையோரச் சிற்றூரில் படிக்கும் மாணவிக்கு இது ஒரு துணை. வெளியே சொல்லக் கூசும் உடல் உபாதையைப் பற்றி ஒருவர் முதலில் கேட்டுத் தெளிய இது ஒரு வழி. தனிமறைவு ஒவ்வொருவருக்குமுரிய அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிறர் இரகசியத்தை அமானிதமாகக் கருதிக் காக்குமாறு பழக்கப்பட்ட நம் குடும்பங்களுக்கு, வீட்டை விட்டு வெளியேறாத இயந்திரம் ஏற்புடையதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் நமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கேட்ட பின், இது குறித்து ஆழ்ந்து எண்ணத் தலைப்பட்டோம்.

தருமபுரி நகரில் வாழும் குடும்பம் அது. குடும்பத் தலைவர் காலமாகிச் சில வாரங்களாகியிருந்தன. அவருக்கு மனைவியும், ஒரு மகனும், மணம் முடித்துக் கொடுத்த இரு பெண்களும் இருக்கிறார்கள். மகன் பெங்களூரில் பணியாற்றுபவர், நல்ல பிள்ளை. தம் கணினியில் அவரே இத்தகைய இயந்திரத்தை அமைத்து வைத்திருந்தார். சொத்து விவகாரம் ஊரார் வாயில் விழக் கூடாதென்று கருதி, ஓர் இரவு அதனிடமே கேட்டார்: ‘அத்தா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும் இருக்கிறோம். மார்க்கச் சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கு?’

இயந்திரம் தாமதமின்றி விடை தந்தது. தாயாருக்கு எட்டில் ஒன்று, மீதம் மகனுக்கு. விடையில் கணக்குப் பிழை ஏதுமில்லை. கேட்ட கேள்விக்கு அதுவே சரியான விடை. மகன் அதனை ஒரு தாளில் எழுதி மறுநாள் தாயாரிடம் காட்டினார். அவ்வம்மையார் பள்ளிக்கூடம் அதிகம் சென்றவரல்லர். தாளை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘உனக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களென்று அந்தப் பெட்டியிடம் சொன்னாயா?’

அவர் சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணத்தோடு மறைக்கவுமில்லை. திருமணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்தாயிற்று. ஆகவே அவர்கள் கணக்கு முடிந்தது என்ற எண்ணம், நம் வீடுகளில் எத்தனையோ பேருக்கு இருப்பதுபோல் அவருக்கும் தம்மை அறியாமலே இருந்திருக்கிறது. சொத்தை 32 பங்காக்கினால் தாயாருக்கு 4, மகனுக்கு 14, பெண்களுக்குத் தலைக்கு 7 என்பதே முறை. இயந்திரத்தின் விடைப்படியோ தாயாருக்கு 4, மகனுக்கு 28. இரு பெண்களின் பங்கும் ஒரு சொல்லும் பேசப்படாமலே மறைந்து போயிற்று. கேட்டவர் பொய் சொல்லவில்லை. இயந்திரமும் பொய் சொல்லவில்லை. ஆனால் அநீதி நடக்க இருந்தது.

இதே கேள்வியோடு அவர் பள்ளிவாசல் ஆலிமிடம் சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? விடைக்கு முன்னே வினாக்கள் வந்திருக்கும். ‘பெண் மக்கள் உண்டா? உங்கள் அத்தாவின் பெற்றோர் இருக்கிறார்களா? அவர் யாருக்கேனும் கடன் பட்டிருந்தாரா? மரண சாசனம் ஏதும் உண்டா?’ என்று அவர் திருப்பிக் கேட்டிருப்பார். கடனைத் தீர்த்து, மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத மரண சாசனத்தை நிறைவேற்றிய பின்பே பங்கீடு என்பதையும் நினைவூட்டியிருப்பார். சொல்லப்போகும் சொல்லுக்குத் தாம் பொறுப்பாளி என்று உணர்ந்தவர், முதலில் கேள்வி கேட்கிறார். பொறுப்பில்லாததோ முதலிலேயே விடை சொல்லிவிடுகிறது. ஹிஜ்ரி 179இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைவிலிருந்து வந்து பல கேள்விகள் கேட்ட ஒருவருக்கு, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ‘எனக்குத் தெரியாது’ என்றே அவர்கள் விடையளித்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்தத் ‘தெரியாது’ என்ற சொல்லில் இருந்த அச்சமும் கண்ணியமும் எந்த எண் குவியலுக்கு வரும்?

தாயாரின் சொல் கேட்ட மகன், உடன்பிறந்தார் இருவரையும் குறிப்பிட்டு இயந்திரத்திடம் மறுபடியும் கேட்டார். இம்முறை தாயாருக்கு எட்டில் ஒன்று, மகனுக்குப் பாதி, பெண்களுக்குத் தலைக்குக் கால் என்று அது விடை தந்தது. அம்மையார் விரல் விட்டுக் கூட்டினார். பாதியும் இரண்டு காலும் சேர்ந்து ஒன்று. அதற்கு மேல் தமக்குரிய அரைக்கால்! இல்லாத சொத்தையும் சேர்த்து அல்லவா அது பங்கு வைத்திருக்கிறது! இவ்வளவு உறுதியோடு, இவ்வளவு நல்ல தமிழில், இப்படியொரு பிழை.

ஏன் இவ்வாறு நேர்கிறது? கிணற்று நீர் தான் கடந்து வந்த பாறையைத் தன்னுள் கரைத்து வைத்திருப்பதுபோல், மொழி மாதிரியும் தனக்குப் படிக்கக் கொடுக்கப்பட்ட எழுத்துகளைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கிறது. 2023 ஜூலையில் வெளிவந்த ‘லாமா 2’ படித்தவற்றுள் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆங்கிலம். அதன் ஆக்குநர் வெளியிட்ட மொழிப் பட்டியலில் தமிழின் பெயரே காணப்படவில்லை; அத்துணைச் சிறிய பங்கு. அக்குறையைப் போக்க அபினந்த் பாலச்சந்திரன் என்பவர் அதே ஆண்டு நவம்பரில், 16,000 தமிழ்ச் சொற்கூறுகளைச் சேர்த்துப் பயிற்றி ‘தமிழ் லாமா’வை வெளியிட்டார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்திய மொழிகளுக்காக இத்தகைய பணி நடைபெறுகிறது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் தமிழ் எழுதக் கற்றது வேறு. தமிழ் வீடுகளின் நடைமுறையை அறிந்தது வேறு. சிறு கணினிக்காகச் சுருக்கப்பட்ட மாதிரி, பெரியதைக் காட்டிலும் எளிதில் தடுமாறும் என்பதையும் மறக்கலாகாது. இயந்திரம் நம் மேசை மீது இருக்கலாம்; அதனுள் கரைந்திருப்பது எங்கிருந்தோ வந்தது.

‘ஆலிமும் மனிதர்தாமே, அவரும் தவறலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். உண்மையே. ஆனால் அவர் தவறினால் அவரைக் கேட்கலாம். இன்னோர் ஆலிமிடம் செல்லலாம். அவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டுமென்ற அச்சம் உண்டு. தொலைவிலுள்ள நிறுவனத்தின் இயந்திரம் தவறினாலும், குறை சொல்ல ஒரு நிறுவனமேனும் இருக்கிறது. வீட்டு இயந்திரம் தவறினால் யாரிடம் போவது? அதனைத் தேர்ந்தெடுத்தவர் நாம், நிறுவியவர் நாம், கேள்வியை வகுத்தவரும் நாமே. நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் விவரங்களுக்குப் பொருந்தாது. அஃதாவது, சட்டம் நம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு உட்புறம் காவல் செய்ய மனச்சான்றைத் தவிர வேறு யாருமில்லை.

இங்கேதான் மறைவின் மறுபக்கமும் தெரிகிறது. யாரும் கேட்காத கேள்வியை யாரும் திருத்தவும் முடியாது. அம்மகன் அத்தாளைத் தாயாரிடம் காட்டாதிருந்தால், அவருடைய இரகசியம் நன்றாகவே காக்கப்பட்டிருக்கும்; அவ்விரகசியத்தின் நிழலிலேயே இரு சகோதரிகளின் உரிமையும் மாண்டிருக்கும். இன்னும் ஒன்று. வீட்டுக் கணினியில் கேட்டவையெல்லாம் அதிலேயே பதிந்து கிடக்கின்றன. தங்கை கலங்கிக் கேட்ட கேள்வியை அண்ணன் படிக்கலாம். மனைவியின் மனக்குறையைக் கணவன் படிக்கலாம். ஊராரிடமிருந்து காத்துவிட்டோம் என்று மகிழ்பவர், வீட்டாருக்குள் ஒருவர் மறைவை மற்றவர் மதிக்கிறோமா என்று தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த இயந்திரம் வேண்டாமென்பதா? கிணறு வேண்டாமென்று நாம் சொன்னதில்லை. நீரைச் சோதித்தோம், குடிக்க ஆகாததைத் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் வைத்துக் கொண்டோம். இதற்கும் அவ்வழியே வழி. கடிதம் எழுதவும், பாடம் விளங்கவும், கணக்கின் படிகளை அறியவும் அது உதவட்டும். ஆனால் ஒருவருடைய உரிமையோ, உயிரோ, மானமோ சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டு செயல்கள் கடமையாகின்றன. கேள்வியைத் தட்டச்சு செய்யுமுன், ‘இந்த விடையால் பாதிக்கப்படக்கூடியவர் எல்லாரும் இக்கேள்விக்குள் இருக்கிறார்களா?’ என்று எண்ணிப் பார்ப்பது ஒன்று. வந்த விடையை, அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர் ஒருவரிடம், மருத்துவரோ வழக்கறிஞரோ ஆலிமோ, காட்டித் தெளிவது மற்றொன்று. நமதென்று ஒன்றைச் சொல்லிக் கொள்ளும்போதே, அதன் குற்றமும் நமதென்று ஒப்புக் கொள்கிறோம். உடைமை என்பதன் பொருளே அதுவன்றோ?

அக்குடும்பத்தார் பின்னர் மூன்று பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஆலிம் ஒருவரிடம் சென்றார்கள். அவர் முதலில் கேட்டது கடனைப் பற்றித்தான். தந்தையார் ஒரு கடைக்காரருக்குத் தர வேண்டிய தொகை அப்போதுதான் தாயாரின் நினைவுக்கு வந்தது. அதைத் தீர்த்த பிறகே பங்கீடு நடந்தது. கணினி இன்றும் அவ்வீட்டில் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் அதில் பாடம் கேட்கிறார்கள். ‘எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டீர்களா?’ என்று அவ்வம்மையார் மட்டும் அடுப்படியிலிருந்து அவ்வப்போது குரல் கொடுக்கிறாராம். அக்குரல் ஓயாதிருக்கும் வரை அவ்வீட்டில் இயந்திரத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை.