ஏர் பைப்பைக் கீழே வை, தம்பி!

ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம். நிட்டிங் மெஷினைச் சுத்தம் செய்யக் கை தானாக ஏர் பைப்பைத் தேடுகிறது. ஒரே அடி. ஃபீடரில், கிரீலில் ஒட்டியிருந்த பஞ்செல்லாம் பறக்கிறது. மெஷின் பளிச்! சூப்பர்வைசருக்கும் திருப்தி.

பறந்த பஞ்சு எங்கே போனது தம்பி? அண்ணாந்து பார். டியூப் லைட் பட்டையிலும் ஃபேன் இறக்கையிலும் கூரை ஆங்கிளிலும் நரைத்த தாடி போலத் தொங்குகிறது. நீ சுத்தம் செய்யவில்லை. நெருப்புக்கு மெத்தை விரித்திருக்கிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபம்தான் எனக்கு வேண்டும்.

சாயப்பட்டறை பாயிலரில் விறகு எரிவதைப் பார்த்திருப்பாய். முழுக்கட்டை நிதானமாக எரியும். அதையே தூளாக்கி வீசினால் குபீர். பஞ்சு இழை பெரும்பாலும் வெடிக்காது; ஒரு பொறி பட்டால் கூரையோடு கூரையாக ஓடும். ஆனால் டஸ்ட் ரூமிலும் குழாய்க்குள்ளும் சேர்கிற மாவு போன்ற தூள் வேறு ஜாதி. அது காற்றில் கலந்து, அடைபட்ட இடத்தில் பொறியைச் சந்தித்தால் வெடிக்கும். முதல் வெடி சின்னதாக இருக்கலாம். அந்த அதிர்ச்சியில் மேலே தூங்கிய தூசி முழுக்க இறங்குமே, அடுத்த வெடி கட்டிடத்தையே கொண்டுபோகும். 1987 மார்ச் 15 அன்று சீனாவின் ஹார்பின் நகரில் ஆளிநார்த் துணி ஆலை ஒன்றில் தூசி வெடித்து 58 பேர் செத்தார்கள்.

நம் ஊரில் டி-ஷர்ட்டுக்கு ஃப்ளாக் பிரிண்ட் போடுகிறோமே, அந்த வெல்வெட் தூள் நைலானாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. அமெரிக்காவின் மால்டன் மில்ஸ், ஃபிளீஸ் துணிக்குப் பேர்போன கம்பெனி. 1995 டிசம்பர் 11 இரவு வெடித்து எரிந்தது. நைலான் ஃப்ளாக் தூசிதான் காரணமாயிருக்கும் என்றது விசாரணை. முதலாளி ஆரன் ஃபியூயர்ஸ்டைனுக்கு அன்றுதான் எழுபது வயது. வேலையின்றி நின்றவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்தார், ஆலையை மறுபடி கட்டினார். மகராசன்! ஆனாலும் 2001-ல் கம்பெனி திவால் மனு போட்டது. டஸ்ட் கலெக்டர் செலவுக்கு யோசிக்கிற நம்மூர் முதலாளிமார் இந்த வருஷங்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

"நான் கூலிக்காரன், என் பேச்சை யார் கேட்பார்கள்?" என்றுதானே இழுக்கிறாய்? நிமிர்ந்து நில்! வெடிக்கும் தூசியைச் சேரவிடாதே, பொறியை அருகே அண்டவிடாதே என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-வது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள். நீ கேட்பது சலுகை இல்லை.

தையல் பகுதியைப் பார். ஊசி உடைந்தால் கடைசித் துணுக்கு வரை தேடி ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி. எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைக் குத்திவிடக் கூடாதே என்று! ஷிப்மென்ட் எவ்வளவு அவசரமானாலும் அந்த ரிஜிஸ்டரை யாரும் மூடுவதில்லை. அதே கறாரை உன் தோலுக்கும் கேள். கூச்சப்படாமல், உரக்கக் கேள். வேக்குவம் கேள். பஞ்சு புகாத விளக்கு கேள். கட்டிங் வேஸ்ட்டைப் பஞ்சாகப் பிரிக்கும் மெஷினுக்கு முன்னால் காந்தம் கேள். ஒரு இரும்புத் துண்டு உள்ளே போய் உரசினால் போதும், பொறி பறக்கும்.

இன்றிரவு ஷிஃப்ட்டுக்குப் போனதும் விளக்கை அணைக்கச் சொல்லி ஏணி போடு. டியூப் லைட் பட்டை மேல் விரலால் ஒரு கோடு இழு. கோடு விழுந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அந்த விரலைக் காட்டு.