அனர்த்த தண்டமும் நெகிழிக் குவளையும்

உத்தமபாளையத்துப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விளங்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அச்சணந்தி முனிவர் பெயர் தாங்கிய வட்டெழுத்தையும் கண்டு வணங்கினோம். திரும்புகையில், நாம் நீரருந்திய நெகிழிக் குவளைகளே அங்குச் சிதறிக் கிடந்தன! எறும்புக்கு விலகி நடந்த நாம்தாம் எறிந்தவர்கள். அவை பசுவின் வயிற்றை அடையும். மழை பெய்தால் முல்லைப் பெரியாற்றை அடையும்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றி உயிர்களுக்குத் தீங்கு விளைக்காமை. கருத்தின்றி நடக்கும் பிரமாத சரியையும் அதில் விலக்கப்பட்டதே. ஆகவே, 'கொல்லும் எண்ணம் எமக்கில்லை' என்பது விடையாகாது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் இக்குவளைகளைத் தடுத்துள்ளது. தண்டத்தொகைக்கு அஞ்சி விடுவது விரதமாகுமோ?

குனிந்து பொறுக்கினோம். ஒரு குவளையில் எறும்புகள் மொய்த்திருந்தன. அவை வெளியேறும்வரை காத்திருந்தோம்.