சாமிக்கு அளவு உண்டு, கிழவிக்கு இல்லை

சாமியை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் உடம்புக்குத் துல்லியமான அளவு வைத்திருக்கிறோம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற அளவு, 124 அங்குலம்; பிள்ளையாருக்குப் பஞ்சதாலம் என்ற அளவு. ஓர் அங்குலத்தை எட்டு யவமாகப் பிரித்து, மூக்கு, காது, விரல் வரை கணக்குச் சொல்கின்றன சிற்ப நூல்கள். எழுபது வயதிலும் களை பறிக்கும் கிழவியை ஊரே தினமும் பார்க்கிறது. அவள் முட்டி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம்? கேட்டால் சிரிப்பீர்கள்.

நாற்காலியின் உயரத்தை முடிவு செய்ய வேண்டியதே அந்த முட்டிதான். வயது ஏற ஏற முதுகெலும்பின் தட்டுகள் தேய்ந்து உயரம் குறையும், கூன் விழும், கை எட்டும் தூரம் சுருங்கும், பிடி தளரும். ஆயுள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட முதுகும் அலுவலக நாற்காலியில் சாய்ந்த முதுகும் ஒன்றல்ல.

அளக்கத் தெரியாத நாடா இது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு உயரமும் எடையும் பார்த்தது. பெண்களில் 15 முதல் 49 வயது வரை. ஆயத்த ஆடைக்காக முப்பரிமாண ஸ்கேனரோடு 25,000 பேரை அளக்கக் கிளம்பிய ‘இந்தியாசைஸ்’ திட்டம் எடுத்துக்கொண்டது ஆறு நகரங்களை, 15 முதல் 65 வயதை. 45 வயது கடந்தோருக்கென 2017–18இல் நடந்த ‘லாசி’ ஆய்வு உயரம், எடை, இடுப்பு, கைப்பிடி வலு எல்லாம் பார்த்தது. உடல்நலம் அறிய அது உதவும். நாற்காலிக்கும் படிக்கட்டுக்கும் போதாது.

எனவே, பேருந்தில் ஏற முடியாவிட்டால் “வயசாயிடுச்சு” என்கிறோம். அடிபம்பை அழுத்த முடியாவிட்டால் “தலையெழுத்து” என்கிறோம். படியின் உயரத்தை எழுதியது பிரம்மன் இல்லை, ஒரு பொறியாளர். இன்னொரு பொறியாளர் அதை அழித்து எழுதலாம்.

கல்யாணம், காதுகுத்து என்றால் அந்தக் கிழவியின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறோம். அந்தக் கால் எவ்வளவு உயரம் தூக்கும் என்று கேட்டதில்லை. விழுவதற்குச் செலவில்லை. அளந்தால் செலவு வரும்: படியை இறக்க வேண்டும், கழிப்பறையில் பிடிமானம் பொருத்த வேண்டும். அளக்காதவரை குற்றம் அவள் உடம்பின்மேல். அளந்த அன்றே அது பொருளைச் செய்தவர்மேல் போய்ச் சேரும். அந்தப் பயத்தில்தான் நாம் மரியாதையோடு நிறுத்திக்கொள்கிறோம்.