குடிமகனும் மனிதனும்

ஒரு நாட்டின் சட்டம் யாருக்கு உரியது? அதன் குடியுரிமை பெற்றோர்க்கு மட்டுமா? அன்றி, அதன் மண்ணில் வாழும் ஒவ்வொருவருக்குமா? பிழைப்பு நாடிக் கடல் கடப்போர் பெருகிவிட்ட இந்நாளில் இக்கேள்வி சட்ட வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. அடிப்படையில் இஃது ஓர் அறக்கேள்வியாகும். குடியேறியோரின் உழைப்பால் வளர்ந்த அமெரிக்க நாட்டில் இது நூறாண்டுகளுக்கும் மேலாக வழக்காடப்பட்டு வருகிறது. ஆதலின், அந்நாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு சொல் நுட்பம் உண்டு. அது சில இடங்களில் 'மக்கள்' என்கிறது. சில இடங்களில் 'குடிமக்கள்' என்கிறது. வேறு சில இடங்களில் 'எந்த மனிதரும்' என்று பொதுவாகப் பேசுகிறது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் 1791-ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தம் 'மக்கள்' என்ற சொல்லை ஆள்கிறது. உரிய விசாரணையின்றி உயிரையோ, உரிமையையோ, உடைமையையோ பறித்தலாகாது என்னும் விதியும், சட்டத்தின் சமமான பாதுகாப்பு வேண்டும் என்னும் 1868-ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தமும் 'எந்த மனிதரையும்' காக்கின்றன. வாக்குரிமை பற்றிய 1870, 1920, 1964, 1971-ஆம் ஆண்டுகளின் திருத்தங்களோ 'குடிமக்கள்' என்றே கூறுகின்றன.

இச்சொல் வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று என்பதை ஒரு வழக்கு காட்டும். சான் பிரான்சிஸ்கோ நகரில், செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்படாத கட்டடங்களில் சலவைத் தொழில் செய்வோர் நகர மன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என 1880-ல் விதிக்கப்பட்டது. அவ்விதியில் 'சீனர்' என்ற சொல்லே கிடையாது. நடந்தது என்ன? விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுள் ஒருவருக்கும் அனுமதி கிட்டவில்லை. சீனரல்லாதார் ஏறத்தாழ 80 பேருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர்க்கெல்லாம் கிட்டியது. 22 ஆண்டுகளாகச் சலவைத் தொழில் நடத்திவந்த ஒரு சீனர், விதித்த பத்து டாலர் அபராதத்தைக் கட்டாமையால் சிறைப்பட்டார். யிக் வோ வழக்கு எனப் பெயர் பெற்ற அதில் 1886-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பதினான்காம் திருத்தத்தின் காவல் குடிமக்களோடு நிற்பதன்று, எழுத்தில் நடுநிலையாய் உள்ள சட்டமும் நடைமுறையில் ஓரவஞ்சனையாய்ச் செயற்படுமாயின் அச்செயல் செல்லாது.

அந்தச் சலவைத் தொழிலாளி விரும்பினாலும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனர்க்குக் குடியுரிமை வழங்குவதை வெளிப்படையாகத் தடுத்திருந்தது. அத்தடை நீங்கியது 1943-லேதான். நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வாக்கில்லை. அம்மன்றம் விதித்த கட்டளையோ அவர் வாழ்வையே குலைக்க வல்லதாயிருந்தது. நீதிமன்றத்தின் கதவும் அடைபட்டிருந்தால் அவர் எங்கே போய் முறையிடுவார்?

இனி வாக்குரிமை. அமெரிக்காவில் வாக்கு என்றுமே குடிமக்களுக்கு மட்டும் உரியதாய் இருந்தது என்று எண்ணுவது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள், குடியுரிமை பெறாத குடியேறிகளையும் வாக்களிக்க விட்டன. 1926-ல் ஆர்கன்சா மாநிலத்தோடு அவ்வழக்கம் முடிவுற்றது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம், நடுவண் அரசுத் தேர்தல்களில் குடிமக்களல்லாதார் வாக்களிப்பதைக் குற்றமாக்கியது. எனினும் மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க் நகரம், தன் நகராட்சித் தேர்தலில் அவர்கள் வாக்களிக்க 1992 முதல் இடமளித்து வருகிறது.

துப்பாக்கியின் கதை இன்னும் சிக்கலானது. குடியுரிமை பெறாத அயல்நாட்டார் வேட்டையாடுவதையும், அதற்காகத் துப்பாக்கி வைத்திருப்பதையும் பென்சில்வேனியா மாநிலம் 1909-ல் தடுத்தது. 1914-ல் உச்ச நீதிமன்றம் அத்தடையை ஏற்றது. இன்றைய நடுவண் சட்டப்படி, நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம். முறையான அனுமதியின்றி வாழ்பவர் வைத்திருத்தல் கூடாது. 'மக்கள்' என்ற சொல்லுக்குள் இவர்களுள் யார் யார் அடங்குவர் என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வந்தபாடில்லை.

இவற்றினின்று நாம் பெறும் தெளிவு யாது? உரிமைகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. சில உரிமைகள், வலியவரின் கையினின்று எளியவரைக் காப்பதற்கானவை. விசாரணையின்றித் தண்டிக்கப்படாமை, உழைத்துண்ணும் தொழில் பறிபோகாமை, சட்டத்தின் முன் சமனாக நிற்றல் ஆகியன அத்தகையவை. பசியும் வலியும் குடியுரிமை கேட்டு வருவதில்லை. இக்காவலும் அதைக் கேட்டல் ஆகாது. வேறு சிலவோ, பிறர்மீது ஆணை செலுத்தும் பொறுப்பில் பங்கு பெறுவதற்கானவை. வாக்கு அத்தகையது. அஃது ஒரு சமுதாயம் தன் உறுப்பினரிடம் ஒப்படைக்கும் அமானிதம். இன்ப துன்பங்களில் இறுதிவரை உடனிருக்க உறுதி பூண்டோரிடம் அதனை ஒப்படைப்பது அநீதியன்று. துப்பாக்கியோ இரண்டிற்கும் இடைப்பட்டது. தன்னைக் காக்கும் கருவியும் அதுவே. பிறரைக் கொல்லும் கருவியும் அதுவே. அதனாலேயே அதில் வழக்கு ஓயவில்லை.

"வரி செலுத்துகிறான், சட்டத்திற்குக் கட்டுப்படுகிறான், பின் ஏன் வாக்கில்லை?" என்று சிலர் வினவுவர். நேர்மையான வினாவே. இதற்கு விடையாக, தகுதியுடையோர்க்குக் குடியுரிமையின் வாயில் திறந்திருக்க வேண்டும் என்போம். வாயிலையும் அடைத்து வாக்கையும் மறுப்பது, சீனர்க்கு இழைத்த கொடுமையை மீண்டும் இழைப்பதேயாகும்.

"வாக்கே இல்லாதவனுக்கு மற்ற உரிமைகள் எதற்கு?" என்போரும் உளர். அவர்கள் நீதியின் துலாக்கோலைத் தலைகீழாகப் பிடிக்கின்றனர். வாக்குள்ளவன், தனக்குத் தீங்கிழைத்த ஆட்சியை அடுத்த தேர்தலில் அகற்றலாம். வாக்கற்றவனுக்கோ சட்டத்தின் நீதியன்றி வேறு துணையில்லை. ஆதலின், வாக்கை மறுக்கும் நாடு அவனுக்குச் செலுத்த வேண்டிய நீதிக்கடன் குறைவதில்லை; கூடுகிறது.

முறையான அனுமதியின்றி வந்தோரின் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளியின் வாயிலை டெக்சாஸ் மாநிலம் அடைக்க முயன்றபோது, 1982-ல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதெனக் கூறியது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று அத்தீர்ப்பு எழுந்தது. ஒரேயொரு நீதிபதி மாறி நின்றிருப்பின் அப்பிள்ளைகளின் பள்ளி வாயில் அடைபட்டிருக்கும். இத்தகைய காவல் எத்துணை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் இந்திய அரசியல் சட்டமும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. அதன் 14, 21-ஆம் விதிகள் எவரையும் காக்கின்றன. பேச்சுரிமை முதலியவற்றைக் கூறும் 19-ஆம் விதி குடிமக்களுக்கே உரியது. ஒரு சமுதாயம் தன் உறுப்பினர் யாவர் என வரையறுத்துக்கொள்ளலாம். மனிதர் யாவர் என வரையறுக்கும் அதிகாரம் எந்தச் சமுதாயத்திற்கும் இல்லை.